இயந்திரம் சொன்னதற்கு யார் பொறுப்பு?

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பயனீட்டாளர்களுக்குப் பாடம் சொல்ல முனைவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. அது 1960களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்தது. ஜோசப் வைசன்பாம் என்ற கணினிப் பேராசிரியர் அங்கே 'எலைசா' என்றொரு நிரலை எழுதினார். தட்டச்சுப் பொறி வழியாக ஒருவர் தம் மனக்குறையை எழுதினால், அது மனநல மருத்துவரைப் போல் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கும். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில், நாகரிகமாகப் பேசக் கற்றுத்தரப்படும் பூக்காரப் பெண்ணின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்.

உண்மையில் எலைசாவுக்கு எதுவும் புரியாது. எழுதிய வாக்கியத்தில் 'அம்மா' என்ற சொல் இருந்தால், குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லும்படி கேட்கும். 'எனக்கு' என்பதை 'உங்களுக்கு' என்று மாற்றி, சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பித் தரும். அறிந்த சொல் எதுவும் அகப்படாவிட்டால், மேலே சொல்லுங்கள் என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் அதன் வித்தை.

ஒருநாள் வைசன்பாமின் செயலாளர் அதனுடன் 'பேசி'ப் பார்க்க அமர்ந்தார். அந்த நிரல் பல மாதங்களாக உருவானதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். அது வெறும் கணினி நிரல் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தும், நாலைந்து வரிப் பேச்சு முடிவதற்குள், பேராசிரியரைப் பார்த்து அறையை விட்டுச் சற்று வெளியே போகும்படி கேட்டுக்கொண்டார்!

வைசன்பாம் திகைத்துப் போனார். ஒரு நிரல் எப்படி வேலை செய்கிறது என்பதை எளிய சொற்களில் விளக்கிவிட்டால் அதன் மாயம் கரைந்துவிடும் என்று 1966ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதியவர் அவர். ஆனால், விளக்கம் தெரிந்தவரிடமே மாயம் கரையவில்லை. 1923இல் பெர்லினில் பிறந்து, நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1936இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து சேர்ந்தவர் வைசன்பாம். மனிதர்கள் தங்கள் முடிவெடுக்கும் பொறுப்பை இன்னொன்றின் கையில் கொடுத்துவிடுவதைப் பற்றி அவருக்கு இயல்பாகவே அச்சம் இருந்திருக்கும். 1976இல் வெளியிட்ட நூலில் இந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். கணினியால் எதைச் செய்ய முடியும் என்பதைவிட, எதை அதனிடம் விடக்கூடாது என்பதே அந்த நூலின் பெரிய கேள்வி.

இயந்திரத்தின் உள்வேலை தெரிந்தால் மட்டும் போதாது என்றால், பயனீட்டாளருக்கு வேறு எந்த அறிவுதான் துணை நிற்கும்? இந்தக் கேள்விக்கு வரலாற்றில் விடை இருக்கிறது. அது கணினிக் கூடத்தில் இல்லை, கடன் கொடுக்கும் அலுவலகத்தில் இருக்கிறது.

கடன் கேட்டவருக்கு மதிப்பெண்

'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரைத் தாங்கிய முதல் ஆய்வரங்கு 1956ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் நடந்தது. அதே 1956இல் கலிபோர்னியாவில் பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் ஆளுக்கு 400 டாலர் போட்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முன்பு கடன் வாங்கியவர்களில் யார் ஒழுங்காகத் திருப்பிக் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்ற கணக்கை வைத்து, புதிதாகக் கேட்டு வருபவருக்கு ஒரு மதிப்பெண் போடுவது அவர்கள் தொழில். டார்ட்மத்தில் கூடிய அறிஞர்களைப் பற்றி உலகம் நிறையப் பேசியது. ஆனால் சாதாரண மனிதரின் வீட்டுக்குள் முதலில் நுழைந்தது ஃபேர், ஐசக் இருவரின் மதிப்பெண்தான். அதைச் செயற்கை நுண்ணறிவு என்று அன்று யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் பழைய விவரங்களிலிருந்து ஒரு போக்கைக் கண்டு, முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றிக் கணிப்புச் சொல்வது என்ற அளவில், இன்றைய முறைகளுக்கு அது மூத்த உறவு.

அதற்கு முன் நிலைமை நன்றாக இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1899இல் அட்லாண்டா நகரில் தோன்றிய 'ரீடெயில் கிரெடிட்' என்ற நிறுவனம், தன் ஆட்களை அனுப்பித் தனிமனிதர்களைப் பற்றி அண்டை அயலாரிடம் விசாரித்துக் கோப்பில் எழுதி வைத்தது. குடிப்பழக்கம், குடும்பச் சச்சரவு, ஊர் வம்பு எல்லாம் அதில் ஏறின. கோப்பில் என்ன இருக்கிறது என்று சம்பந்தப்பட்டவர் பார்க்க முடியாது. கடனோ காப்புறுதியோ மறுக்கப்பட்டால், ஏன் என்றும் தெரியாது. 1960களின் இறுதியில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைகளில் இது வெளிச்சத்துக்கு வந்தது. 1970இல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் பிறந்தது. தன்னைப் பற்றிய கோப்பில் உள்ளதை அறியவும், தவறு இருந்தால் திருத்தக் கோரவும் பயனீட்டாளருக்கு உரிமை கிடைத்தது. அந்த நிறுவனம் 1975இல் பெயரை மாற்றிக்கொண்டு இன்று 'எக்குஃபேக்ஸ்' என்ற பெயரில் இயங்குகிறது.

அடுத்த குரல் பெண்களுடையது. அக்காலத்தில் திருமணமான பெண் கடன் அட்டை கேட்டால் கணவரின் கையொப்பம் வேண்டும் என்பார்கள். பிள்ளை பெற்றுக்கொண்டு வேலையை விட்டுவிடுவார் என்று சொல்லி, மனைவியின் சம்பளத்தைப் பாதியாகக் கணக்கிட்ட வங்கிகளும் இருந்தன. பெண்கள் அமைப்புகள் போராடியதன் பயனாக 1974இல் சமவாய்ப்புக் கடன் சட்டம் நிறைவேறியது. 1976இல் இனம், சமயம், வயது முதலியவையும் அதில் சேர்க்கப்பட்டன. அதைவிட முக்கியமான ஒரு விதியும் அப்போது வந்தது. கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், அதற்கான குறிப்பான காரணங்களை அறியும் உரிமை விண்ணப்பதாரருக்கு உண்டு என்பதே அது. முடிவை 30 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தச் சட்டம் வந்த பிறகுதான் மதிப்பெண் இயந்திரத்துக்கு மவுசு கூடியது. 'அதிகாரிக்குப் பிடிக்கவில்லை' என்று காரணம் சொல்ல முடியாத வங்கிகள், கணக்கு சொன்னது என்று காட்ட ஏதோ ஒன்றைத் தேடின. இயந்திரம் பாரபட்சம் அற்றது என்ற நம்பிக்கை அன்று வேரூன்றியது. பழைய கணக்கில் பாரபட்சம் இருந்தால், அதிலிருந்து கற்றுக்கொண்ட மதிப்பெண்ணிலும் அது வந்து சேரும் என்பதைப் பலரும் உணர நெடுங்காலம் ஆயிற்று.

ஆனால் அந்தக் காரணக் கடிதம் தன் வேலையைச் செய்தது. இந்த முகவரியில் குடியிருக்கும் காலம் போதாது, ஏற்கெனவே உள்ள கடன் அதிகம் என்று கடிதத்தில் வந்ததைப் படித்தே கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் அந்த இயந்திரம் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். யாரும் அவர்களுக்குக் கணிதம் கற்பிக்கவில்லை. 2022இல், புதிய வகை இயந்திரக் கற்றல் முறைகளைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கு அந்நாட்டுப் பயனீட்டாளர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் அறிவிப்பு விடுத்தது. எங்கள் முறை மிகவும் சிக்கலானது, காரணம் சொல்ல இயலாது என்பது சாக்கு ஆகாது, குறிப்பான காரணம் சொல்லத்தான் வேண்டும் என்பதே அதன் சாரம். 1970களின் பெண்கள் கேட்டு வாங்கிய விதி, அரை நூற்றாண்டு கழித்து அவர்கள் கனவிலும் காணாத இயந்திரத்துக்கு எதிராகப் பயன்பட்டது.

பினாங்கிலிருந்து எழுந்த குரல்

பயனீட்டாளர் உரிமை என்ற சொற்றொடருக்கே ஒரு பிறந்தநாள் உண்டு. 1962 மார்ச் 15ஆம் நாள் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில், பாதுகாப்பு, தகவல் பெறுதல், தேர்ந்தெடுத்தல், குரல் கேட்கப்படுதல் என நான்கு உரிமைகளைக் குறிப்பிட்டார். அந்த நாளை உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாட வேண்டும் என்ற எண்ணத்தை முன்வைத்தவர் ஒரு மலேசியர். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான அன்வார் ஃபசால்தான் அவர். 1978இல் அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் அமைப்புக்குத் தலைவரானார். அவருடைய முயற்சியால் 1983ஆம் ஆண்டு மார்ச் 15 முதல் அந்த நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது.

கென்னடியின் நான்கு உரிமைகளோடு அந்த அமைப்பு மேலும் நான்கைச் சேர்த்து எட்டாக்கியது. அவற்றுள் இழப்பீடு பெறும் உரிமையும் பயனீட்டாளர் கல்வி பெறும் உரிமையும் அடங்கும். 1985இல் ஐக்கிய நாட்டுப் பொதுப்பேரவை ஏற்றுக்கொண்ட வழிகாட்டி நெறிகளிலும் பயனீட்டாளர் கல்வி இடம்பிடித்தது. இந்த இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். எடைக்குறைவு, கலப்படம், தவணை முறை மோசடி என்று சங்கங்கள் மக்களுக்குச் சொல்லித் தந்தபோது, தராசு எப்படிச் செய்யப்படுகிறது என்று விளக்கிக்கொண்டிருக்கவில்லை. எடை குறைந்தால் எங்கே போய்ப் புகார் செய்வது என்றுதான் சொல்லித் தந்தன.

2024ஆம் ஆண்டு அந்த நாளுக்கு அறிவிக்கப்பட்ட கருப்பொருள், பயனீட்டாளர்களுக்கு நியாயமான, பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவு என்பதாகும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடன் விவரம் கணினியில் ஏறியது ஏறக்குறைய ஒரே காலத்தில். பேங்க் நெகாராவின் 'சிசிரிஸ்' 2001இல் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரின் கடன் தகவல் நிலையம் 2002இல் தொடங்கியது. "சிசிரிசில் பெயர் ஏறிவிட்டது, இனி கடன் கிடைக்காது" என்று காப்பிக் கடையில் சலித்துக்கொள்பவர்களை இன்றும் காணலாம். உண்மையில் கடன் வாங்கிய எல்லாருடைய பெயரும் அதில் இருக்கும். ஒழுங்காகக் கட்டுபவர் பெயரும் இருக்கும். அது கறுப்புப் பட்டியல் அல்ல. கடன் தருவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அந்தந்த வங்கிதான். தம் அறிக்கையை ஒருவர் கட்டணமின்றிப் பெற்றுப் பார்க்கலாம். தனியார் கடன் தகவல் நிறுவனங்களுக்கென 2010இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தம்மைப் பற்றிய விவரத்தைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கோரவும் அது வழி செய்கிறது. கணினியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீடு திரும்பும் எத்தனை பேர் அந்த அறிக்கையை ஒரு தடவையாவது கேட்டு வாங்கியிருப்பார்கள்?

தெரிந்த முகம், தெரிந்த குரல்

2018 மே மாதம் கூகல் நிறுவனம் ஒரு புதுமையை மேடையில் காட்டியது. 'டூப்ளெக்ஸ்' என்ற அதன் குரல், முடிதிருத்தும் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்து நேரம் முன்பதிவு செய்தது. நடுநடுவே மனிதரைப் போல் 'ம்ம்' கொட்டியது. மறுமுனையில் பேசிய பணியாளருக்கு அது இயந்திரம் என்று தெரியவில்லை. அரங்கம் கைதட்டியது. வெளியே கண்டனம் எழுந்தது. இயந்திரம் தன்னை இயந்திரம் என்று சொல்லிக்கொள்ளும் என்று பின்னர் அந்நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டில் கலிபோர்னியா மாநிலம், விற்பனைக்கோ வாக்குக்கோ இணையத்தில் தானியங்கிக் கணக்குகளைப் பயன்படுத்தி மக்களை ஏமாற்றக் கூடாது, அது இயந்திரம் என்பதைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 2024இல் நடப்புக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்திலும் இத்தகைய விதி இடம்பெற்றுள்ளது.

நல்லவர்கள் சட்டத்தைப் பின்பற்றுவார்கள். மோசடிக்காரன் பின்பற்றுவானா? 2023 டிசம்பரில், அப்போது சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ சியன் லூங், தாம் முதலீட்டுத் திட்டம் ஒன்றைப் பரிந்துரைப்பது போன்ற போலிக் காணொளி உலவுவதாகப் பொதுமக்களை எச்சரித்தார். அடுத்த சில வாரங்களில் ஹாங்காங்கிலிருந்து வந்த செய்தி இன்னும் கொடியது. பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஆருப்' என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி நிதித் தலைவர் பெயரில் ஒரு தகவல் வந்தது. அவருக்கு முதலில் சந்தேகம்தான். பிறகு ஒரு காணொளிக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார். அங்கே நிதித் தலைவரும் தெரிந்த சக ஊழியர்களும் இருந்தார்கள். சந்தேகம் நீங்கியது. 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் இருந்தவர்களில் அவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் போலி உருவங்கள்.

எலைசாவின் முன் அமர்ந்த செயலாளரையும் இந்த ஊழியரையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இருவரும் அறியாதவர்கள் அல்லர். ஒருவருக்கு உண்மை தெரிந்திருந்தது, மற்றவருக்குச் சந்தேகம் இருந்தது. குரலும் முகமும் வந்தவுடன் அறிவு ஒதுங்கிக்கொண்டது. ஆகவே, காணொளியில் கண் இமைக்கிறதா, உதடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லும் குறிப்புகள் நீண்ட நாள் பயன்தராது. இந்த ஆண்டின் குறை அடுத்த ஆண்டு சரிசெய்யப்பட்டுவிடும். அழைப்பைத் துண்டித்து, ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குத் தாமே திரும்ப அழைத்துக் கேட்பது பழைய முறைதான். ஆனால் அது எந்தத் தொழில்நுட்பத்துக்கும் தாக்குப்பிடிக்கும். மலேசியாவில் 2022இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் 997. சிங்கப்பூரின் மோசடி உதவி எண் 1799.

வகுப்பறைக்கு வந்த பாடம்

மக்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் பெருமுயற்சிகளில் முன்னோடி பின்லாந்து. 2018இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து இலவச இணையப் பாடம் ஒன்றைத் தொடங்கின. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவருக்காவது, அதாவது சுமார் 55,000 பேருக்கு அடிப்படையைக் கற்பிப்பது நோக்கம். அது எட்டப்பட்டு, பாடம் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் போனது. சிங்கப்பூரும் அதே 2018இல் அனைவருக்குமான ஒரு பாடத்தைத் தொடங்கியது. மலேசியாவில் 'ஏஐ உந்துக் ராக்யாட்' 2024 ஜனவரியில் தொடங்கப்பட்டது. பத்து லட்சம் மலேசியர்களை எட்டுவது அதன் இலக்கு. மலாய், ஆங்கிலம், சீனத்துடன் தமிழிலும் அது கிடைப்பது பாராட்டத்தக்கது.

இவை வேண்டும், மறுப்பதற்கில்லை. படித்தவர் பயப்படாமல் பழகுவார். ஆனால் பாடத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர், தம் கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் எந்த முகப்பில் போய் நின்று என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றால், அந்தக் கல்வி அரைக் கல்விதான். தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்ற மீதிப் பாதிக்கு, 2024 பிப்ரவரியில் கனடாவில் வெளிவந்த ஒரு தீர்ப்பு நல்ல பாடநூல்.

2022 நவம்பரில் ஒருவரின் பாட்டி இறந்துவிட்டார். வான்கூவரிலிருந்து டொரொண்டோ செல்ல, ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்துக்குப் போனார். துக்கத்துக்குச் செல்வோருக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று அங்கிருந்த 'சாட்பாட்' எனும் உரையாடு மென்பொருளிடம் கேட்டார். முழுக் கட்டணத்தில் பயணம் செய்துவிட்டு 90 நாளுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. அதை நம்பிப் பயணம் செய்தார். பிறகு விண்ணப்பித்தால், பயணத்துக்குப் பின் சலுகை கிடையாது என்று நிறுவனம் கைவிரித்தது. இன்னொரு பக்கத்தில் சரியான விதி இருக்கிறதே, அதைப் பார்த்திருக்கலாமே என்றது. 200 டாலர் பற்றுச்சீட்டு தர முன்வந்தது. அவர் ஏற்கவில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் சிறு வழக்குகளுக்கான தீர்ப்பாயத்துக்கு விவகாரம் போனது. அங்கே நிறுவனம் முன்வைத்த வாதம் வியப்புக்குரியது. அந்த உரையாடு மென்பொருள் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற பொருள்பட வாதிட்டது. கடைச் சிப்பந்தி தவறான விலை சொன்னால், அவனை எனக்குத் தெரியாது என்று முதலாளி சொல்வதைப் போலத்தான் இது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. மென்பொருளும் இணையத்தளத்தின் ஒரு பகுதியே, அதில் வரும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது. ஒரு பக்கத்தில் உள்ளது சரி, இன்னொரு பக்கத்தில் உள்ளது தவறு என்று வாடிக்கையாளர் எப்படி அறிவார் என்றும் கேட்டது. வட்டியும் கட்டணமும் சேர்த்து சுமார் 812 கனடிய டாலர் கொடுக்க உத்தரவாயிற்று.

தொகை சிறியது. ஆனால் அந்த வாடிக்கையாளரிடம் ஒரு பொருள் இருந்தது. மென்பொருள் சொன்ன பதிலைத் திரையில் இருந்தபடியே படமெடுத்து வைத்திருந்தார். அது இல்லாவிட்டால், அப்படிச் சொல்லவே இல்லை என்று நிறுவனம் மறுத்திருந்தால் என்ன செய்திருப்பார்?

அத்தகைய தீர்ப்பாயங்கள் இங்கும் உண்டு. மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. சிங்கப்பூரில் சிறு கோரிக்கை நடுவர் மன்றங்களின் வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி. இரண்டு இடங்களிலும் பொதுவாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, பயனீட்டாளர் தாமே பேசலாம். மலேசியத் தீர்ப்பாயத்தில் கோரிக்கையைப் பதிவு செய்யக் கட்டணம் 5 ரிங்கிட்.